ஸ்பேனரும் பால்கத்தியும் – 7: மூன்றாண்டுச் சட்டம்

மலாயாவின் தாப்பா வட்டார ரப்பர் தோட்டங்களில் இருட்டு விலகுமுன் பெரட்டுக்கு, அதாவது ஆள் கணக்கெடுப்புக்கு, வந்து நிற்கும் பால்வெட்டுக்காரரும், ஸ்டோரில் எஞ்சினுக்கு எண்ணெய் விடும் பிட்டரும் ஒரே லயத்தில் குடியிருந்தவர்கள். ஒருவர் விரலில் பால் பிசுக்கு, மற்றவர் விரலில் கிரீஸ். துரை கூலியில் கைவைத்தால் இரண்டு வீட்டு அடுப்பும் சுணங்கும். இரண்டாம் உலகப் போருக்குப் பின் எழுந்த அகில மலாயாத் தொழிற்சங்கச் சம்மேளனம் இரு தரப்பையும் ஒரே கொடியின் கீழ் நிறுத்தியது. தலைவர் எஸ்.ஏ. கணபதி, தஞ்சைச் சீமையில் பிறந்தவர்.

அரசின் தொழிற்சங்க ஆலோசகர் ஜான் பிரேசியருக்கு இப்படி எல்லாத் தொழிலாளரும் ஒன்றுசேர்வது பிடிக்கவில்லை. இங்கிலாந்து ரயில்வே சங்கத்தில் வளர்ந்தவர் அவர். அங்கே 1851இலேயே எஞ்சினியரிங் தொழிலாளர்கள் தனிச் சங்கம் கட்டிவிட்டார்கள். ஆண்டுக்கணக்கில் தொழில் பழகியவர்களின் சங்கம் அது. தொழிலுக்கொரு சங்கம் என்ற அந்த அளவுகோலைத் தோட்டத்துக்குக் கொண்டுவந்தது கோணல் என்றே எனக்குப் படுகிறது. இங்கே பிட்டருக்கும் பால்வெட்டுக்காரருக்கும் படியளந்தவர் ஒரே துரை அல்லவா?

1948 ஜூன் இரண்டாம் வாரம் தொழிற்சங்கச் சட்டத் திருத்தம் நடைமுறைக்கு வந்தது. ஒரே தொழிலைச் சேர்ந்த சங்கங்கள் மட்டுமே இனிச் சம்மேளனமாகக் கூடலாம். பெரும்பாலான சங்கப் பொறுப்புகளுக்கு அந்தத் தொழிலிலேயே மூன்றாண்டு அனுபவம் வேண்டும். கணபதியின் சம்மேளனம் சட்டத்துக்குப் புறம்பானது. பேராக் தோட்டத் தொழிலாளரைத் திரட்டிய ஆர்.ஜி. பாலனோ மே மாதக் கடைசியிலேயே சிறைக்குப் போய்விட்டார்.

சட்டம் வந்த சில நாட்களிலேயே, ஜூன் 16, காலை எட்டரை மணி வாக்கில், சுங்கை சிப்புட் எல்பில் தோட்டத்து ஆபீசில் வாக்கர் துரை சுட்டுக் கொல்லப்பட்டார். அரை மணி நேரத்துக்குள், சற்றுத் தள்ளியிருந்த பின் சூன் தோட்டத்தில் இன்னும் இரண்டு துரைமார் பலி. இரண்டே நாளில் மலாயா முழுவதும் அவசரகாலம். துப்பாக்கி வைத்திருந்தாலே தூக்கு என்றானது.

கணபதி தலைமறைவானார். 1949 மார்ச்சில் பிடிபட்டபோது அவரிடம் ஒரு கைத்துப்பாக்கி இருந்தது. "போலீசில் ஒப்படைக்கத்தான் கொண்டு போனேன்" என்பது அவர் தரப்பு வாதம். தீர்ப்பு எழுத நீதிபதி பேனாவை எடுத்துவிட்டார். தில்லியில் நேருவின் அரசுக்கும் செய்தி எட்டியது. யார் முந்தினார்கள்?

(அடுத்த வாரம்)