சிங்கராஜ வனம் வைத்திருக்கும் கணக்கு

காடொன்றின் ஆயுளோடு ஒப்பிடுகையில் அரசாங்கமொன்றின் பதவிக்காலம் மிகக் குறுகியதாகும். காடுகள் பற்றிய தீர்மானங்கள் பல அக்குறுகிய காலத்தை மனதிற்கொண்டே எடுக்கப்படுகின்றன என்பது கவலைக்குரியது.

காலநிலை மாற்றம் காட்டை எவ்வாறு பாதிக்கின்றது என்பதை ஓரிரு ஆண்டுகளில் கண்டறிய இயலாது. ஒரே இடத்தில், ஒரே மரங்களை, ஒரே முறையில் பல தசாப்தங்கள் அளந்தாலன்றி அது புலப்படாது. அத்தகைய நீண்டகால ஆய்வொன்று எமது நாட்டிலேயே இடம்பெற்று வருவதைப் பலர் அறியார்.

சிங்கராஜ வனத்தில் 1993 ஆம் ஆண்டு 25 ஹெக்டேயர் நிலப்பரப்பு நிரந்தர ஆய்வுக்களமாக ஒதுக்கப்பட்டது. பேராதனைப் பல்கலைக்கழகப் பேராசிரியர்களான நிமல் குணதிலக, சாவித்திரி குணதிலக ஆகியோர் இப்பணியில் முன்னின்றனர். நெஞ்சளவு உயரத்தில் ஒரு சென்ரிமீற்றர் விட்டத்துக்குக் குறையாத ஒவ்வொரு மரமும் இலக்கமிடப்பட்டு அளக்கப்பட்டது. 200 இற்கும் மேற்பட்ட இனங்களைச் சேர்ந்த இவற்றின் எண்ணிக்கை ஏறத்தாழ இரண்டு இலட்சமாகும். சில ஆண்டுகளுக்கு ஒருமுறை மீள அளக்கும்போது, வளர்ந்தவை எவை, மடிந்தவை எவை, புதிதாக முளைத்தவை எவை என்பன தெரியவருகின்றன. பனாமாவின் பாரோ கொலராடோ தீவில் 1980 களின் தொடக்கத்தில் ஆரம்பமான ஆய்வைப் பின்பற்றிய உலகளாவிய வலையமைப்பில் சிங்கராஜவும் ஓர் அங்கமாகும்.

இவ்வனம் ஏற்கெனவே காயம்பட்டதொன்று. 1970 களில் ஒட்டுப்பலகைத் தொழிலுக்காக இங்கு மரங்கள் தறிக்கப்பட்டன. மக்கள் எதிர்ப்பினால் அது கைவிடப்பட்டது. 1988 இல் யுனெஸ்கோ இதனை உலக மரபுரிமையாக அறிவித்தது. வனத்தின் ஓரங்களில் பைன் மரங்கள் நடப்பட்டிருந்தன. அவற்றின் சில வரிசைகளை அகற்றி வெளிச்சம் புகவிட்டால், அங்கு நடப்படும் சுதேச மரக்கன்றுகள் செழித்து வளரும் என்பதையும் இங்கு நடந்த பரிசோதனைகளே நிரூபித்தன. அழிந்த காட்டை மீட்பதற்கு இது நடைமுறைச் சாத்தியமான வழியாகும்.

களுகங்கைக்கும் ஜின் கங்கைக்கும் நீர் சேர்க்கும் வனம் இது. 2003 இலும் 2017 இலும் தென்மேற்குப் பகுதியை உலுக்கிய வெள்ளமும் மண்சரிவும் எத்தனை உயிர்களைக் காவுகொண்டன என்பதை நாம் மறந்துவிட முடியாது. காடிருந்தால் வெள்ளமே வராது எனக் கூறுவதற்கில்லை. ஆயினும் மலைச்சரிவுகளில் மண்ணையும் நீரையும் பிடித்துவைப்பது காடே.

நீண்டகால ஆய்வில் தவறவிடப்படும் அளவீட்டைப் பின்னர் எத்தொகை செலவிட்டும் ஈடுசெய்ய இயலாது. எனவே, நிதி நெருக்கடியைக் காரணங்காட்டி இத்தகைய ஆய்வுகள் இடைநிறுத்தப்படலாகாது. ஆய்வின் முடிவுகள் சிங்களம், தமிழ் ஆகிய இரு மொழிகளிலும் மக்களைச் சென்றடைய வேண்டும். காணிப் பயன்பாட்டுத் தீர்மானங்கள் அவற்றின் அடிப்படையில் அமைய வேண்டும் என்பதை நாம் வலியுறுத்த விரும்புகின்றோம்.