குவாண்டம் கணினி: மேன்மையின் எல்லைகள்

குவாண்டம் கணினி எந்தக் கணக்கில் மரபுக் கணினியை மிஞ்சும், எதில் மிஞ்சாது என்று வரையறுக்கும் ஆய்வு, அந்தக் கணினியைப் பற்றிய கோட்பாட்டோடு சேர்ந்தே வளர்ந்தது. இரண்டு கணினிகளாலும் தீர்க்கக்கூடிய கணக்குகள் ஒன்றேதான். மரபுக் கணினியால் அறவே தீர்க்க முடியாதது குவாண்டம் கணினிக்கும் முடியாதது. வேறுபடுவது நேரம் மட்டுமே.

1981-ல் ரிச்சர்ட் ஃபைன்மன் குவாண்டம் கணினி என்ற கருத்தை முன்வைத்தார். 1985-ல் டேவிட் டாய்ச் அதற்குக் கணித வடிவம் தந்தார். 1994-ல் பீட்டர் ஷோர், பெரிய எண்களைப் பகாக் காரணிகளாகப் பிரிக்கும் வேகமான படிமுறையைக் கண்டார். குவாண்டம் கணினி எல்லா விடைகளையும் ஒரே நேரத்தில் சோதித்துவிடும் என்ற எண்ணம் இதன் பிறகு பரவியது. அந்த எண்ணம் தவறு. அளக்கும்போது கைக்கு வருவது ஒரே ஒரு விடை. n கியூபிட்டுகளிலிருந்து (குவாண்டம் பிட்டுகளிலிருந்து) n பிட்டுகளுக்கு மேல் தகவல் எடுக்க முடியாது என்று 1973-லேயே அலெக்சாண்டர் ஹோலெவோ நிறுவியிருந்தார். தவறான விடைகளின் அலைகள் ஒன்றையொன்று அழித்து, சரியான விடை மேலெழும்படி செய்வதில்தான் திறமை இருக்கிறது. அதற்குக் கணக்கினுள் ஓர் ஒழுங்கு மறைந்திருக்க வேண்டும். ஷோருக்கு உதவியது அப்படி மறைந்திருந்த ஒரு சுழற்சி.

ஒழுங்கே இல்லாவிட்டால்? காஞ்சிபுரத்தில் ஒரு பட்டு நெசவாளர் கூட்டுறவுச் சங்கக் கிடங்கில் 10 லட்சம் சேலைகள் எந்த வரிசையுமின்றிக் கிடக்கின்றன. ஒன்றின் முந்தியில் மட்டும் யாளி புட்டா இருக்கிறது என்று கொள்வோம். ஒவ்வொன்றாகப் பிரித்துப் பார்த்தால் சராசரியாக 5 லட்சம் முறை பார்க்க வேண்டும். தில்லி ஐ.ஐ.டி.யில் படித்து, பெல் ஆய்வகத்தில் பணியாற்றிய லவ் குரோவர் 1996-ல் வெளியிட்ட படிமுறைக்குச் சுமார் 785 வினவல்கள் போதும். ஆனால் அவர் அதை வெளியிடும் முன்பே, சார்லஸ் பென்னட், ஈத்தன் பெர்ன்ஸ்டைன், ஜில் பிராசார்டு, உமேஷ் வசிரானி நால்வரும் இத்தகைய தேடலுக்கு இருமடி மூல அளவைவிடப் பெரிய வேகம் கிடைக்காது என்று நிறுவிவிட்டார்கள்; அந்தக் கட்டுரை 1997-ல் அச்சேறியது. வழி தெரியும் முன்பே எல்லை தெரிந்துவிட்ட இந்த வரலாறு, குவாண்டம் மேன்மை பற்றிய விளம்பரங்களில் இடம்பெறுவதே இல்லை என்பது வருந்தத்தக்கது.

அதே கிடங்கில் இன்னொரு தடையும் உண்டு. 10 லட்சம் சேலைகளின் விவரத்தையும் முதலில் குவாண்டம் நினைவகத்தில் ஏற்ற வேண்டும். ஏற்றுவதற்கே 10 லட்சம் படிகள் ஆகும். கிடைத்த லாபம் அங்கேயே போய்விடும். ஆகவே குரோவரின் படிமுறை கிடங்குகளுக்கும் தரவுத்தளங்களுக்கும் உரியதன்று. மறையீட்டுச் சாவியைப் போல, ஒவ்வொரு விடையையும் சூத்திரத்தால் சோதிக்கக்கூடிய இடங்களுக்கே அது பொருந்தும். வரிசைப்படுத்துதலிலோ குறிப்பிடத்தக்க ஆதாயமே இல்லை என்பது 2001-ல் உறுதியானது.

கோட்பாட்டில் தப்பிய ஆதாயத்தையும் பிழைதிருத்தம் குறைத்துவிடுகிறது. ஒரு நம்பகமான கியூபிட்டுக்கு நூற்றுக்கணக்கில், சில சமயம் ஆயிரத்துக்கும் மேல், பிழையுள்ள கியூபிட்டுகள் தேவைப்படலாம். ஒவ்வொரு படியும் மெதுவாகிறது. இருமடி அளவிலான வேகம் மட்டும் இருந்தால், தொடக்ககாலப் பிழைதிருத்தக் கருவிகளில் அது பயன் தராது என்று கூகுள் ஆய்வாளர்கள் 2021-ல் கணக்கிட்டுக் காட்டினர்.

எல்லை மறுபுறமிருந்தும், அதாவது மரபுக் கணினியின் பக்கமிருந்தும், நகர்கிறது. 2016-ல் யோர்டானிஸ் கெரெனிடிஸ், அனுபம் பிரகாஷ் இருவரும் வாடிக்கையாளருக்குப் பொருள்களைப் பரிந்துரைக்கும் குவாண்டம் படிமுறையைத் தந்தனர். அதற்கு ஈடாக மரபுவழி இல்லை என்று நிறுவ முயன்ற மாணவி ஈவின் டாங், 2018-ல் அந்த மரபுவழியையே கண்டுபிடித்தார். 2019-ல் கூகுளின் 53 கியூபிட் குவாண்டம் செயலியான சிகமோர் 200 விநாடிகளில் முடித்த வேலைக்கு மீக்கணினி 10,000 ஆண்டுகள் எடுக்கும் என்றார்கள். இரண்டரை நாள் போதும் என்றது ஐ.பி.எம். சீன அறிவியலாளர்கள் 512 வரைகலைச் செயலிகளைக் கொண்டு அதைச் சுமார் 15 மணி நேரத்தில் முடித்தார்கள்.

2023-ல் இந்திய அரசு ஒப்புதல் அளித்த தேசிய குவாண்டம் திட்டம் சுமார் 6,003 கோடி ரூபாய்ச் செலவில், 8 ஆண்டுகளில் 50 முதல் 1,000 கியூபிட்டுகள் வரையிலான கணினிகளை இலக்காகக் கொண்டுள்ளது. பிழை விகிதத்தையும் எந்தக் கணக்கு என்பதையும் சொல்லாமல் கியூபிட் எண்ணிக்கையை மட்டும் சொல்வது போதாது.

ஷோரின் படிமுறைக்குள்ள மேன்மையும் நிரூபிக்கப்பட்டதன்று. ஓர் எண் பகா எண்ணா என்று சோதிக்க உறுதியான, திறமையான மரபுவழி உண்டு என்று மணீந்திர அகர்வால், நீரஜ் கயால், நிதின் சக்சேனா ஆகியோர் 2002-ல் கான்பூர் ஐ.ஐ.டி.யில் நிறுவினர். எண்களைக் காரணிகளாகப் பிரிக்கவும் அத்தகைய வழி இருக்கவே முடியாது என்பதற்கு இதுவரை நிரூபணம் இல்லை.