குழாய்வழிக் காந்தச் சோதனையும் கணினி உருவகப்படுத்தலும்

காந்தப் பாயக் கசிவுச் சோதனை என்பது எண்ணெய், எரிவாயு கொண்டுசெல்லும் எஃகுக் குழாய்களில் அரிமானத்தால் சுவர் தேய்ந்த இடங்களைக் காந்தத்தின் துணையால் கண்டறியும் முறையாகும். மண்ணுக்கடியில் நெடுந்தொலைவு செல்லும் குழாயைத் தோண்டாமலே ஆராய இது பயன்படுகிறது. கருவி தரும் குறிகையைச் சரியாகப் படிப்பதே இம்முறையில் கடினமான பகுதி. அத்திறனை வளர்த்ததில் கணினிக்குப் பெரும் பங்கு உண்டு.

செயல்படும் விதம்

சோதனைக் கருவியைத் துறையினர் 'பிக்' என்பர். குழாயில் ஓடும் எண்ணெயோ எரிவாயுவோ அதைத் தள்ளிச் செல்கிறது. அதிலுள்ள வலிய நிலைக்காந்தங்கள் குழாய்ச் சுவரை ஏறக்குறையத் தெவிட்டும் அளவுக்குக் காந்தமாக்குகின்றன. சுவர் மெலிந்த இடத்தில் காந்தப் பாயத்தின் ஒரு பகுதி எஃகுக்கு வெளியே கசிகிறது. காந்த முனைகளுக்கு நடுவிலுள்ள உணரிகள் அக்கசிவைப் பதிவு செய்கின்றன.

இவ்வாறு பதிவாவது கசிந்த புலமே தவிர, பள்ளத்தின் ஆழம் அன்று. கசிவின் அளவு ஆழத்தை மட்டுமன்றிப் பள்ளத்தின் நீளம், அகலம், எஃகின் காந்தப் பண்பு, கருவியின் வேகம் ஆகியவற்றையும் பொறுத்தது. ஆழத்தைக் குறைத்து மதிப்பிட்டால் குழாய் வெடிக்கக்கூடும். கூட்டி மதிப்பிட்டால் நல்ல குழாயை வீணாகத் தோண்ட நேரும்.

தொடக்ககால முயற்சிகள்

1868-லேயே பீரங்கிக் குழல்களைக் காந்தமாக்கி, அவற்றின் மீது திசைகாட்டியை நகர்த்திக் குறைபாடுகளைத் தேடினர். குழாய்வழிகளுக்கான வணிகக் கருவி 1960-களின் நடுப்பகுதியில் அமெரிக்காவில் வந்தது. டியூபோஸ்கோப் நிறுவனத்தின் 'லினலாக்' எனப்பட்ட அக்கருவி, முதலில் குழாயின் அடிப்பகுதியை மட்டுமே ஆராய்ந்தது. 1970-களில் பிரித்தானியாவின் பிரிட்டிஷ் கேஸ் நிறுவனம் கூடுதல் நுணுக்கமுள்ள கருவிகளை உருவாக்கியது.

சூத்திரத்திலிருந்து கணினிக்கு

1966-இல் சோவியத் ஆய்வாளர்கள் ஜாட்செபின், ஷெர்பினின் இருவரும், குறைபாட்டின் பக்கங்களில் காந்த மின்னூட்டங்கள் இருப்பதாகக் கொண்டு கசிவுப் புலத்தைக் கணக்கிடும் சூத்திரங்களைத் தந்தனர். எளிய வடிவப் பிளவுகளுக்கு அவை பொருந்தின. ஒழுங்கற்ற அரிமானப் பள்ளங்களுக்கு அவை போதவில்லை.

1975-இல் ஹுவாங், லார்ட் ஆகியோர் முடிவுறு கூறு முறையை இச்சிக்கலுக்குப் பயன்படுத்தினர். எஃகையும் சுற்றியுள்ள வெளியையும் சிறு கூறுகளாகப் பிரித்து, எஃகின் காந்தமாகும் பண்பையும் சேர்த்துக் கணினி புலத்தைக் கணக்கிட்டது. செயற்கைப் பள்ளங்களைச் செதுக்கிய சோதனைக் குழாய்களுக்குச் செலவு மிகுதி. கணினியிலோ ஆழத்தை மட்டும், அல்லது அகலத்தை மட்டும் மாற்றி விளைவைப் பார்க்கலாம்.

இதனால் கருவி அமைப்பும் மேம்பட்டது. கருவி வேகமாக ஓடும்போது குழாய்ச் சுவரில் தோன்றும் சுழல் மின்னோட்டங்கள் குறிகையைத் திரிப்பதை உருவகப்படுத்தல் மூலம் கணக்கிட்டுத் திருத்த முடிந்தது. குழாயின் நீளவாக்கில் அமைந்த குறுகிய பள்ளம், நீளவாக்கிலான புலத்தை அதிகம் குலைப்பதில்லை. அதைக் காணச் சுற்றுவட்டத் திசையில் காந்தமாக்கும் கருவிகள் உருவாயின.

சட்டமும் தேவையும்

2000 ஆகஸ்ட் 19 அன்று அமெரிக்காவின் நியூ மெக்சிகோ மாநிலம் கார்ல்ஸ்பாட் அருகே எரிவாயுக் குழாய் வெடித்து 12 பேர் இறந்தனர். குழாயின் உட்புற அரிமானமே காரணம் என விசாரணை கண்டது. 2002-இல் இயற்றப்பட்ட சட்டம், மக்கள் நெருக்கமான பகுதிகளிலுள்ள எரிவாயுக் குழாய்வழிகளைக் குறித்த காலத்திற்குள் மதிப்பிடுவதைக் கட்டாயமாக்கியது.

இந்தியாவில் பாபா அணு ஆராய்ச்சி மையம், இந்தியன் ஆயில் நிறுவனத்துடன் இணைந்து இத்தகைய கருவியை உருவாக்கியது. கல்பாக்கம் இந்திரா காந்தி அணு ஆராய்ச்சி மையமும் காந்தக் கசிவை முடிவுறு கூறு முறையில் ஆராய்ந்துள்ளது.

எஞ்சியுள்ள சிக்கல்

குறிகையிலிருந்து பள்ளத்தின் வடிவத்தைக் கண்டறிவது நேர்மாறுச் சிக்கல் எனப்படும். உருவகப்படுத்திய குறிகைகளைக் கொண்டு செயற்கை நரம்பு வலையமைப்புகளுக்குப் பயிற்சியளித்து இதற்குத் தீர்வு தேடுகின்றனர். ஆயினும் வேறுபட்ட இரு பள்ளங்கள் ஏறத்தாழ ஒரே குறிகையைத் தரலாம். ஆகவே ஐயத்திற்குரிய இடங்களில் குழாயைத் தோண்டி, நேரில் அளந்து, கணிப்போடு ஒப்பிடும் வழக்கம் இன்றும் தொடர்கிறது.