நோயாளிக்கு உண்மையை உரைத்தல்: ஒரு வரலாற்று நோக்கு

நோயுற்றோரைச் சந்தித்தல் போதக ஊழியத்தின் இன்றியமையாத பகுதியாகும். அவ்வூழியத்தில் நெடுநாள் ஈடுபட்டோர் யாவரும் ஒரு வேண்டுகோளை அறிவர். உறவினர் போதகரைத் தனியே அழைத்து, “ஐயரே, புற்றுநோய் என்று டாக்டர் சொல்லிவிட்டார், அப்பாவுக்கு இது தெரியாது, நீங்களும் தெரியாததுபோலவே ஜெபம் பண்ணுங்கள்” என்பர். இவ்வழக்கம் நம் நாட்டுக் குடும்ப அமைப்பிற்கே உரியது என்றும், மேல்நாட்டார் எக்காலத்தும் உண்மையை வெளிப்படையாகக் கூறிவந்தனர் என்றும் நம்மிற் பலர் கருதுகின்றனர். வரலாறு இக்கருத்தை ஆதரிக்கவில்லை. மேல்நாட்டு மருத்துவமும் பல நூற்றாண்டுகள் மறைத்தலையே கடமையாகக் கொண்டிருந்தது. அது மாறிய வரலாற்றில் திருச்சபையின் ஊழியர்களுக்கும் இறையியல் மாணவர்களுக்கும் பங்குண்டு என்பதை எடுத்துரைப்பதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

1. பண்டைய வழக்கும் திருச்சபையின் கட்டளையும்

ஹிப்போகிரட்டீஸின் பெயரால் வழங்கும் கிரேக்க நூல்தொகுதியுள் மருத்துவரின் நன்னடத்தையைப் பற்றிய சிறுநூல் ஒன்றுண்டு. நோயாளியின் இன்றைய நிலையையும் இனி நேரவிருப்பதையும் அவருக்கு வெளிப்படுத்தலாகாது என்றும், அதனால் நோயாளிகள் மேலும் நலிவுற்றனர் என்றும் அது மருத்துவருக்கு அறிவுறுத்துகிறது. துன்பச் செய்தியே உடலுக்குத் தீங்கு செய்யும் என்னும் இந்நம்பிக்கை நெடுங்காலம் நிலைத்தது.

கி.பி. 1215-இல் கூடிய நான்காம் லாத்தரன் பொதுச்சங்கம் இதற்கு மாறான திசையில் ஒரு கட்டளை பிறப்பித்தது. நோயாளியிடம் அழைக்கப்படும் மருத்துவர் முதற்கண் ஆன்ம மருத்துவராகிய குருவை வரவழைக்குமாறு அவரைத் தூண்டவேண்டும் என்பதே அக்கட்டளை. அதற்குக் கூறப்பட்ட காரணங்களுள் ஒன்று கருதத்தக்கது. நோய் முற்றிய பின்பு குருவை அழைக்கச் சொன்னால், நோயாளி தம் முடிவு நெருங்கிற்றென்று நம்பிக்கை இழந்துவிடுகிறார். ஆதலின் தொடக்கத்திலேயே எல்லார்க்கும் அவ்வாறு சொல்லவேண்டும் என்பதாம். குருவின் வருகையே மரண அறிவிப்பாகக் கருதப்பட்ட நிலை அன்றே இருந்தது என்பது இதனாற் புலனாகிறது.

2. பெர்சிவலும் கிஸ்பர்னும்

தற்கால மருத்துவ ஒழுக்கவியலுக்கு அடிகோலியவர் இங்கிலாந்தின் மான்செஸ்டர் நகர மருத்துவர் தாமஸ் பெர்சிவல். 1803-இல் வெளிவந்த ‘மருத்துவ ஒழுக்கவியல்’ என்னும் தம் நூலில், மருத்துவர் இருண்ட முன்னறிவிப்புகளைக் கூற முந்தலாகாது என்றும், ஆபத்தை உற்றார்க்கு உரிய காலத்தில் அறிவிக்கவேண்டும் என்றும் அவர் விதித்தார். நோயாளியிடமே சொல்வது முற்றிலும் இன்றியமையாததாயின், மருத்துவர் வாயால் வரும் அச்செய்தி மிகுந்த அச்சம் விளைக்குமாதலால், விவேகமும் மென்மையும் உடைய வேறொருவரிடம் அப்பணியை ஒப்படைப்பது நலம் என்றார்.

அவருடைய நண்பர் தாமஸ் கிஸ்பர்ன் ஆங்கிலிக்கன் திருச்சபையின் குரு. அவர் 1794-இல் வெளியிட்ட, பல்வேறு தொழிலினரின் கடமைகளைப் பற்றிய நூலில், மருத்துவர் குறைவாகப் பேசலாம், ஆனால் பேசும் அக்குறைவு உண்மையாய் இருக்கவேண்டும் என்று வாதிட்டார். பெர்சிவல் இவ்வாதத்தைப் புறக்கணிக்கவில்லை. தம் நூலில் எடுத்து ஆராய்ந்தார். ஆயினும், உண்மை கொடிய காயமாக மாறும் வேளையில் அதனைப் பெறும் உரிமை நோயாளிக்கு இல்லாமற்போகிறது என்றே முடிவு செய்தார். அவர் பொய்யை விரும்பியவர் அல்லர். நோயாளியின் நலத்திற்காக மருத்துவர் தம் வாய்மையுணர்வையே பலியிடுகிறார் என அவர் எண்ணினார்.

1847-இல் அமெரிக்க மருத்துவச் சங்கம் தன் முதல் ஒழுக்க விதிகளை இயற்றியபோது பெர்சிவலின் வழியையே பின்பற்றிற்று. இந்திய மருத்துவக் கவுன்சில் 2002-இல் வெளியிட்ட ஒழுக்க விதிகளிலும் அவர் சாயலைக் காணலாம். நோயின் கடுமையை மிகைப்படுத்தவோ குறைத்துரைக்கவோ கூடாது என்று கூறும் அவ்விதிகள், ‘நோயாளி, உறவினர் அல்லது பொறுப்பான நண்பர்’ உரிய அளவு அறிந்திருக்கச் செய்யவேண்டும் என்கின்றன. ‘அல்லது’ என்னும் அச்சிறு சொல்லில் பழைய வழக்கு முழுவதும் அடங்கியுள்ளது.

3. மாறுபட்ட குரல்கள்

1849-இல் கனெக்டிகட் மாநில மருத்துவர் வொர்திங்டன் ஹூக்கர் இக்கொள்கையை எதிர்த்து எழுதினார். வஞ்சனை பெரும்பாலும் வெளிப்பட்டுவிடும்; வெளிப்பட்டபின் மருத்துவரின் எச்சொல்லும் நம்பப்படாது என்பது அவர் வாதங்களுள் ஒன்று.

பாஸ்டன் நகர மருத்துவர் ரிச்சர்ட் காபட், 1903-இல் எழுதிய கட்டுரையில், உண்மை கூறுவதைத் தம் மருத்துவப் பணியிலேயே சோதித்துப் பார்த்ததை விவரித்தார். நோயாளிகள் பிறர் அஞ்சியதுபோல் நொறுங்கிவிடவில்லை என்று அவர் கண்டார். வாய்மை என்பது பிறர் உள்ளத்தில் மெய்யான எண்ணத்தைப் பதியச் செய்தல் என அவர் விளக்கினார். எனவே, நோயாளிக்கு விளங்காத லத்தீன் கலைச்சொல்லை உரைத்துவிட்டு உண்மை சொன்னதாக எண்ணுவதும் பொய்யே. இறையியல் மாணவர் நோயாளிகளிடையே பயிற்சி பெறவேண்டும் என்று வலியுறுத்தியவரும் இவரே. 1925-இல் ஆன்டன் பாய்சன் மனநல மருத்துவமனையொன்றில் அத்தகைய பயிற்சியைத் தொடங்க இவர் துணைநின்றார். 1936-இல் மருத்துவமனைப் போதகர் ரஸ்ஸல் டிக்ஸுடன் இணைந்து, நோயுற்றோர்க்கு ஊழியஞ்செய்யும் கலையைப் பற்றி நூலெழுதினார்.

4. இருபது ஆண்டுகளில் நேர்ந்த திருப்பம்

ஆயினும் மருத்துவ உலகம் எளிதில் மாறவில்லை. 1950-இல் வெளிவந்த ஓர் ஆய்வில், தங்கள் நோயை அறிந்திருந்த 100 புற்றுநோயாளிகளுள் 89 பேர் அறிந்திருப்பதையே விரும்புவதாகக் கூறினர். ஆனால் 1961-இல் டொனால்ட் ஓக்கன் சிக்காகோ மருத்துவமனையொன்றின் மருத்துவரிடையே நடத்திய ஆய்வில், ஏறத்தாழ 90 விழுக்காட்டினர் புற்றுநோயாளியிடம் நோயைக் கூறாதிருப்பதே தம் வழக்கமென்றனர். அனுபவமே தம்மை இம்முடிவிற்குக் கொணர்ந்தது என்று அவர்களிற் பெரும்பாலோர் கூறியபோதிலும், மாற்றுவழியைச் சோதித்துப் பார்த்தவர் மிகச் சிலரே. 1979-இல் அதே வினாக்களைக் கொண்டு நியூயார்க் மாநிலத்தின் ராச்செஸ்டரில் ஆய்வு நடத்தியபோது, 97 விழுக்காட்டினர் கூறுவதையே விரும்பினர்.

இத்திருப்பத்திற்குக் காரணங்கள் பல. புற்றுநோய்க்குக் கதிரியக்கச் சிகிச்சையும் மருந்துச் சிகிச்சையும் வளர்ந்தன. அவற்றை ஏற்க நோயாளியின் அறிவார்ந்த ஒப்புதல் வேண்டியதாயிற்று. 1973-இல் அமெரிக்க மருத்துவமனைச் சங்கம் நோயாளியின் உரிமைகளை அறிக்கையாக வெளியிட்டது. 1967-இல் லண்டனில் சிசிலி சாண்டர்ஸ் நிறுவிய புனித கிறிஸ்டோபர் இல்லம், குணமாக்க இயலாத நோயாளிக்கும் செய்யத்தக்கது மிகுதியாக உண்டென்று காட்டிற்று.

இவற்றோடு, 1965-இல் சிக்காகோ இறையியல் கல்லூரியின் மாணவர் நால்வர் செய்த ஒரு செயலையும் சேர்த்து எண்ணவேண்டும். மனித வாழ்வின் நெருக்கடிகளைப் பற்றி ஆராய விரும்பிய அவர்கள், மனநல மருத்துவர் எலிசபெத் கூப்ளர்-ராஸை அணுகினர். மரிக்கும் தறுவாயில் உள்ளோரையே ஆசிரியராகக் கொள்வோம் என்று அவர் கூறினார். அத்தகைய நோயாளியைத் தேடியபோது, தங்கள் பிரிவில் அப்படிப்பட்டவர் எவருமில்லை என்றே மருத்துவர் விடையளித்தனர். பின்னர் 200-க்கு மேற்பட்ட நோயாளிகளோடு உரையாடியதன் பயனாக 1969-இல் அவருடைய நூல் வெளிவந்தது. அதிற் கூறப்பட்ட ஐந்து படிநிலைகளை எல்லார்க்கும் பொதுவான வரிசையாக இன்று கொள்வதில்லை. ஆனால், யாரும் சொல்லாதபோதும் நோயாளிகளிற் பெரும்பாலோர் தம் நிலையை அறிந்தே இருந்தனர் என்னும் உண்மை அதனால் வெளிப்பட்டது. மௌனம் அவர்களைக் காக்கவில்லை; அறிந்ததைப் பேச ஆளில்லாமற் செய்தது.

5. இன்று நம் முன் நிற்கும் வினா

அப்படியாயின், எல்லார்க்கும் எல்லாவற்றையும் உடனே கூறிவிடுவதே முறையோ? 1995-இல் லாஸ் ஏஞ்சல்ஸில் முதியோரிடையே நடந்த ஆய்வில், பரவிவிட்ட புற்றுநோயை நோயாளிக்குக் கூறவேண்டுமென்று ஐரோப்பிய வழியினரில் 87 விழுக்காட்டினரும், கொரிய வழியினரில் 47 விழுக்காட்டினரும் கருதினர். குடும்பமே சுமையைத் தாங்கவேண்டும் என்னும் எண்ணம் அன்பின்மையால் எழுவதன்று. இதனை உணர்ந்தே, 2000-இல் வால்டர் பெய்ல், ராபர்ட் பக்மன் முதலிய மருத்துவர்கள் வகுத்த ஆறு படிகள் கேட்பதற்கு முதலிடம் தருகின்றன. தனிமையான இடத்தை அமைத்தல், நோயாளி ஏற்கெனவே அறிந்திருப்பதைக் கேட்டறிதல், எவ்வளவு அறிய விரும்புகிறார் எனக் கேட்டல் ஆகிய மூன்றும் முடிந்த பின்னரே நான்காவதாகச் செய்தி கூறப்படுகிறது. அதன்பின் அவர் உணர்ச்சிகளுக்குச் செவிகொடுத்தலும், இனிச் செய்யவேண்டியதைச் சேர்ந்து தீர்மானித்தலும் வருகின்றன. அறிய விரும்பாதவர் தம் பிள்ளைகளிடம் கூறுமாறு கேட்கலாம். அதுவும் அவருடைய தீர்மானமே. அவரைக் கேளாமலே பிறர் தீர்மானிப்பது வேறு.

இவ்வரலாற்றிலிருந்து போதகர் கற்கவேண்டுவன இரண்டு. நோயை முதலில் அறிவிப்பது மருத்துவரின் கடமை. போதகர் அதனைத் தாமே மேற்கொள்ளலாகாது. ஆனால் நோயாளி நேராக வினவும்போது பொய்யுரைப்பதாகப் போதகர் எவர்க்கும் வாக்களிக்கவும் ஆகாது. “நான் பொய் சொல்லமாட்டேன்; அவர் கேளாததை வலிந்து கூறவும்மாட்டேன்; அவர் கேட்டால் உங்களையும் டாக்டரையும் அழைத்து ஒன்றாகப் பேசுவோம்” என்று உறவினருக்கு முன்னரே தெளிவாக்குதல் நலம். பெரும்பாலான குடும்பங்கள் இவ்வார்த்தையால் ஆறுதலே அடையும். ஏனெனில் நடிப்பின் பாரத்தை அவர்களும் சுமந்துகொண்டிருக்கின்றனர். நோயாளிக்கோ, வீட்டுக் காரியங்களை ஒழுங்குபடுத்தவும், ஒப்புரவாக வேண்டியவரோடு ஒப்புரவாகவும், தம் அச்சங்களை அறிக்கையிட்டு ஜெபிக்கவும் காலம் கிடைக்கும். அக்காலம் அவருக்குரியது.