ஆய்விதழ்களில் பதிப்புரிமை: உரிமை மாற்றமும் உரிமமும்

முன்னுரை

ஓர் ஆய்விதழைக் கட்டணமின்றிப் படிக்க இயல்வதும், அதிலுள்ள கட்டுரையை மொழிபெயர்த்து வெளியிட உரிமை பெற்றிருப்பதும் ஒன்றல்ல. இவ்வேறுபாடு உருவான வரலாற்றையும், இந்திய மொழிகளில் அறிவியலை வளர்க்க விழைவோர்க்கு அதனால் எழும் சிக்கலையும் ஆராய்வது இக்கட்டுரையின் நோக்கமாகும்.

உரிமை மாற்றத்தின் தோற்றம்

1665இல் ஹென்றி ஓல்டன்பர்க் இலண்டனில் 'பிலசாஃபிக்கல் டிரான்சாக்ஷன்ஸ்' இதழைத் தொடங்கியபோது, ஆசிரியருக்குப் பதிப்புரிமை வழங்கும் சட்டம் இங்கிலாந்தில் இல்லை. 1710இல் நடைமுறைக்கு வந்த ஆன் அரசியார் காலச் சட்டமே அவ்வுரிமையை ஏற்றது. ஆயினும் ஆய்வறிஞர் ஊதியம் கருதி இதழ்களில் எழுதுவோர் அல்லர். எனவே கட்டுரைகளின் உரிமை பெரும்பாலும் வழக்காற்றைச் சார்ந்தே நின்றது.

ஒளிநகல் பொறியின் வரவு இந்நிலையை மாற்றியது. தன் மருத்துவ இதழ்களை அரசு நூலகங்கள் நகலெடுத்தமைக்காக வில்லியம்ஸ் அண்டு வில்கின்ஸ் நிறுவனம் அமெரிக்க அரசின்மீது வழக்குத் தொடுத்தது. 1975இல் உச்சநீதிமன்ற நீதிபதிகள் சரிபாதியாகப் பிரிந்தமையால், அரசுக்குச் சார்பான முந்தைய தீர்ப்பே நிலைபெற்றது. அடுத்த ஆண்டு இயற்றப்பெற்று 1978இல் நடைமுறைக்கு வந்த அமெரிக்கச் சட்டம், உரிமை மாற்றம் கையொப்பமிட்ட எழுத்து வடிவில் அமைதல் வேண்டும் என்றது. அதன்பின் உரிமை மாற்றப் படிவம் இதழ்களில் பரவலாயிற்று. விலையின்றித் தாம் அளித்த கட்டுரையை மறுபதிப்புச் செய்ய ஆசிரியரே பதிப்பாளரின் இசைவை நாடும் நிலை இவ்வாறு உருவாயிற்று எனலாம்.

திறந்த அணுக்கமும் உரிமமும்

2002 பிப்ரவரியில் வெளிவந்த புடாபெஸ்ட் அறிக்கை திறந்த அணுக்கத்தை வரையறுத்தது. படித்தல், நகலெடுத்தல், பரப்புதல் முதலியவற்றை அது வெளிப்படையாகச் சுட்டியது. வழிநிலைப் படைப்புகளைப் பெயரிட்டுக் கூறவில்லை. 2003ஆம் ஆண்டின் பெதஸ்டா, பெர்லின் அறிக்கைகள் அவற்றையும் சேர்த்துக்கொண்டன. இதற்கிடையே 2002 டிசம்பரில் கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமங்கள் வெளியாயின. இவற்றின்படி ஆசிரியர் தம் உரிமையைப் பிறருக்கு மாற்றாமலே பொதுப் பயன்பாட்டிற்கு இசைவளிக்கலாம். 2003 அக்டோபரில் தொடங்கிய 'பிளாஸ் பயாலஜி' இதழ், ஆசிரியர் பெயரைச் சுட்டினால் போதும் என்னும் உரிமத்தை மேற்கொண்டது.

மொழிபெயர்ப்பு உரிமை

எல்லா உரிமங்களும் இத்தகையன அல்ல. வணிகப் பயன்பாட்டை விலக்குவனவும், வழிநிலைப் படைப்புகளை விலக்குவனவும் உள. மொழிபெயர்ப்பும் வழிநிலைப் படைப்பே. எனவே பின்னைய உரிமத்தில் வெளியான கட்டுரையை உலகில் எவரும் படிக்கலாம். தமிழில் பெயர்த்து வெளியிடத் தனி இசைவு வேண்டும். இந்தியப் பதிப்புரிமைச் சட்டமும் (1957) தன் 14ஆம் பிரிவில் மொழிபெயர்ப்பை உரிமையாளரின் தனியுரிமைகளுள் ஒன்றாக வைக்கிறது. உரிமம் எதுவும் குறிக்காத இதழ், இலவசமாகக் கிடைப்பினும், அவ்வுரிமையைப் பிறர்க்கு வழங்கியதாகாது.

முடிவுரை

ஆங்கிலம் அறிந்தார்க்குத் திறந்த கதவு, பிறமொழியார்க்கு அடைத்த கதவாக அமைதல் கூடும் என்பது இதனாற் பெறப்படும். ஆதலின், இதழ்கள் தம் உரிமத்தைக் கட்டுரைதோறும் தெளிவுறப் பொறித்தலும், மொழிபெயர்ப்பிற்கு இடந்தரும் உரிமத்தை ஆசிரியர் தேர்ந்துகொள்ளுதலும் இன்றியமையாதன. கட்டணத்தை நீக்குதல் முதற்படி. மொழித்தடையை நீக்க வழிவிடுதல் அதனினும் பெரும்படியாகும்.