அஸ்ஸாமில் குடியேற்றச் சட்டமும் சிறுபான்மையோர் வாக்கும்

ஓர் அரசியல் கட்சிக்கும் ஒரு சமுதாயத்திற்கும் இடையிலான பிணைப்பு எவ்வாறு உருவாகிறது, எவ்வாறு தளர்கிறது என்பதை அறிய விரும்புவோர் அஸ்ஸாம் மாநிலத்தின் வரலாற்றைக் கருத்தூன்றிப் படிக்க வேண்டும். அங்கு வாழும் வங்காள வழி முஸ்லிம்களின் வாக்குகள் நெடுங்காலம் காங்கிரஸ் கட்சிக்கே உரியனவாகக் கருதப்பட்டன. அவ்வாக்குகளைச் சேர்த்துக் கொடுத்ததும் குடியேற்றக் கொள்கையே. பின்னர் சிதறச் செய்ததும் அதுவே. அந்த வரலாற்றைச் சுருக்கமாக நோக்குவோம்.

இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கிழக்கு வங்காளத்தின் மைமன்சிங் முதலிய மாவட்டங்களிலிருந்து நிலமற்ற உழவர்கள் பிரம்மபுத்திரா பள்ளத்தாக்கில் குடியேறினர். வெள்ளத்தில் மூழ்கி எழும் ஆற்றிடைத் திட்டுகளை அவர்கள் விளைநிலமாக்கினர். நெல்லும் சணலும் பெருகியதால் ஆங்கில அரசும் இதனை ஊக்குவித்தது. எனினும், மண்ணின் மக்களிடையே அச்சம் எழுந்தபோது, 1920ஆம் ஆண்டில் 'கோட்டு முறை' என்னும் ஏற்பாடு கொண்டுவரப்பட்டது. வரையப்பட்ட கோட்டுக்கு அப்பால் குடியேறிகள் நிலம் பெற இயலாது. இம்முறையை எதிர்த்துப் போராடியே மௌலானா அப்துல் ஹமீத் கான் பாஷானி மக்கள் தலைவரானார். சர் முஹம்மத் சஅதுல்லாஹ் தலைமையிலான முஸ்லிம் லீக் அமைச்சரவைகளுக்கும், கோபிநாத் பர்தோலாய் தலைமையிலான காங்கிரஸுக்கும் இடையே இதுவே தீராத பூசலாயிற்று. ஆக, குடியேற்றமும் வாக்கும் பின்னிக் கிடந்த நிலை நாட்டுப் பிரிவினைக்கு முன்பே தோன்றிவிட்டது.

1947க்குப் பின் லீக் மறைந்தது. அதன் ஆதரவாளர்களில் பெரும்பாலோர் காங்கிரஸை நாடினர். குடியேறிய முஸ்லிம்கள் 1951ஆம் ஆண்டு மக்கள் தொகைக் கணக்கெடுப்பில் தங்கள் தாய்மொழி அஸ்ஸாமியம் என்றே பதிவு செய்தனர். தங்கள் பிள்ளைகளை அஸ்ஸாமியப் பள்ளிகளில் சேர்த்தனர். அஸ்ஸாமிய மொழியினர் மாநிலத்தில் பெரும்பான்மை பெற இது பெரிதும் உதவியது. மறுபுறம், 1950ஆம் ஆண்டின் குடியேறிகள் வெளியேற்றச் சட்டமும், 1960களில் நடைபெற்ற ஊடுருவல் தடுப்பு நடவடிக்கைகளும் அவர்களை அச்சத்தில் ஆழ்த்தின. அச்சட்டத்தை இயற்றியதும் காங்கிரஸ் அரசே, அந்நடவடிக்கைகளின் கடுமையைத் தணித்ததும் காங்கிரஸில் இருந்த முஸ்லிம் தலைவர்களே என்பது கருதத்தக்கது. ஒரே கட்சி அச்சத்தின் ஊற்றாகவும் அடைக்கலமாகவும் விளங்கிற்று.

1979இல் மங்கள்தோய் மக்களவைத் தொகுதியின் இடைத்தேர்தலுக்காக வாக்காளர் பட்டியல் திருத்தப்பட்டபோது, ஆயிரக்கணக்கான பெயர்கள் அயல்நாட்டினருடையவை என ஆட்சேபிக்கப்பட்டன. அதிலிருந்து கிளம்பிய மாணவர் இயக்கம் ஆறாண்டுகள் நீடித்தது. இயக்கத்தின் எதிர்ப்பையும் மீறி 1983இல் சட்டமன்றத் தேர்தல் நடத்தப்பட்டது. முஸ்லிம்கள் பெருமளவில் வாக்களித்தனர். அவ்வாண்டு பிப்ரவரி 18ஆம் நாள் நெல்லி பகுதியில், அதிகாரபூர்வக் கணக்கின்படியே 1,800க்கும் மேற்பட்டோர் படுகொலை செய்யப்பட்டனர். அவர்களுள் பெரும்பாலோர் பெண்களும் குழந்தைகளும் ஆவர். அங்கு ஒருவர் வாக்களிப்பது உயிரைப் பணயம் வைக்கும் செயலாக இருந்தது என்பதை நாம் மறத்தலாகாது.

அதே ஆண்டில் இந்திரா காந்தி அரசு சட்டவிரோதக் குடியேறிகளைத் தீர்ப்பாயங்கள் வழியே கண்டறியும் தனிச் சட்டத்தை அஸ்ஸாமுக்கெனக் கொண்டுவந்தது. 1946ஆம் ஆண்டின் அயல்நாட்டினர் சட்டத்தின்படி, தாம் இந்தியர் என்று மெய்ப்பிக்கும் பொறுப்பு குற்றம் சாட்டப்பட்டவரையே சாரும். புதிய சட்டமோ, அவர் அயல்நாட்டினர் என நிறுவும் பொறுப்பைக் குற்றம் சாட்டுவோர் மீது சுமத்தியது. இதனை முஸ்லிம்கள் தங்கள் கேடயமாகக் கருதினர். எதிர்ப்பாளர்கள் வாக்கு வங்கிக்கான சட்டம் என்று சாடினர்.

ஆனால், ஈராண்டுகள் கழிந்து 1985 ஆகஸ்ட் 15 அன்று ராஜீவ் காந்தி அரசு இயக்கத்தினருடன் அஸ்ஸாம் உடன்படிக்கை செய்துகொண்டது. 1971 மார்ச் 24க்குப் பின் வந்தோர் வெளியேற்றப்படுவர்; 1966 ஜனவரி 1 முதல் 1971 மார்ச் 24 வரை வந்தோர் பத்தாண்டுகளுக்கு வாக்குரிமை இழப்பர் என முடிவாயிற்று. தம்மை நம்பிய வாக்காளர்களின் வாக்குரிமையையே ஒரு கட்சி பேரத்தில் விட்டுக்கொடுத்தது எனச் சிறுபான்மையோர் உணர்ந்தனர். வங்காள முஸ்லிம்களும் இந்துக்களும் இணைந்து ஐக்கியச் சிறுபான்மையோர் முன்னணியைத் தொடங்கினர். அவ்வாண்டு டிசம்பர் தேர்தலில் அது 17 இடங்களை வென்றது. காங்கிரஸ் ஆட்சியை இழந்தது. எனினும், அம்முன்னணி நிலைக்கவில்லை. அஸ்ஸாம் கண பரிஷத் ஆட்சியைக் கண்டு அஞ்சிய மக்கள் மீண்டும் காங்கிரஸிடமே திரும்பினர்.

1992இல் முதலமைச்சர் ஹிதேஸ்வர் சைக்கியா, மாநிலத்தில் இலட்சக்கணக்கான சட்டவிரோதக் குடியேறிகள் உள்ளனர் எனச் சட்டமன்றத்தில் கூறி, முஸ்லிம் பிரமுகர்களின் எதிர்ப்பு எழுந்ததும் அக்கூற்றைத் திரும்பப் பெற்றார். சிறுபான்மையோரின் வாக்கு வலிமைக்கு இதனைச் சான்றாகக் காட்டுவர். ஆனால், அவ்வலிமையால் பெற்றது ஒரு சொல்லின் பின்வாங்கல் மட்டுமே. ஆவணமற்ற ஏழை உழவருக்கு நிலையான குடியுரிமைச் சான்று கிடைக்க அது எவ்வகையிலும் உதவவில்லை.

2005 ஜூலையில் உச்ச நீதிமன்றம் 1983ஆம் ஆண்டுச் சட்டத்தை அரசியலமைப்புக்கு முரணானது எனத் தள்ளுபடி செய்தது. கேடயம் ஒரே நாளில் உடைந்தது. அவ்வாண்டு அக்டோபரில், தேவ்பந்த் தாருல் உலூமில் பயின்றவரும் அகில் அத்தர் வணிகருமான மௌலானா பத்ருத்தீன் அஜ்மல் ஐக்கிய ஜனநாயக முன்னணியைத் தொடங்கினார். தேர்தலுக்கு முன்னதாக 2006 பிப்ரவரியில் மெய்ப்பிக்கும் பொறுப்பை மீண்டும் மாற்றியமைக்கும் ஆணை ஒன்றை மத்திய அரசு பிறப்பித்தது. அதனையும் டிசம்பரில் உச்ச நீதிமன்றம் நீக்கியது. புதிய கட்சி 2006இல் 10 இடங்களையும், 2011இல் 18 இடங்களையும் கைப்பற்றியது. 2011இல் காங்கிரஸ் 78 இடங்களுடன் வென்றமையால் இவ்விழப்பின் ஆழம் அக்கட்சிக்குப் புலப்படவில்லை. 2016இல் அது 26 இடங்களுக்குச் சுருங்கி, பாரதிய ஜனதா கட்சி ஆட்சி அமைத்தபோதே உண்மை வெளிப்பட்டது. அஸ்ஸாமியப் பெரும்பான்மையோர் காங்கிரஸைக் குடியேறிகளின் கட்சி எனக் கருதினர். சிறுபான்மையோரில் ஒரு பகுதியினரோ அது தங்களைக் காக்கவில்லை எனக் கருதினர்.

2019 ஆகஸ்ட் 31 அன்று வெளியான தேசியக் குடிமக்கள் பதிவேட்டில் 19,06,657 பேரின் பெயர்கள் இடம்பெறவில்லை. விடுபட்டோருள் இந்துக்களும் முஸ்லிம்களும் இருந்தனர். அவ்வாண்டு டிசம்பரில் நிறைவேறிய குடியுரிமைத் திருத்தச் சட்டம் முஸ்லிமல்லாதோருக்கு மட்டும் வழி திறந்தது. இதன்பின் முஸ்லிம் வாக்காளரின் கணக்கு மற்றொரு முறை மாறியது. 2024 மக்களவைத் தேர்தலில் துப்ரி தொகுதியில் காங்கிரஸின் ரகீபுல் ஹுசைன் பத்து இலட்சத்திற்கும் மேற்பட்ட வாக்கு வேறுபாட்டில் பத்ருத்தீன் அஜ்மலைத் தோற்கடித்தார். இதனைப் பழைய பற்றின் மீட்சி எனக் கொள்வது பொருந்தாது. எக்கட்சி தங்களைக் காக்க வல்லது என மக்கள் தேர்தல்தோறும் நிறுத்துப் பார்க்கின்றனர் என்பதையே 1985, 2006, 2024 ஆகிய மூன்று ஆண்டுகளும் காட்டுகின்றன.

இவ்வரலாற்றிலிருந்து நாம் பெறும் பாடம் யாது? காங்கிரஸ் அளித்தது ஒரு நடைமுறைப் பாதுகாப்பு. உரிமையின் உறுதிப்பாடு அன்று. சிக்கலைத் தீர்க்காமல் வைத்திருந்தவரை வாக்குகள் வந்தன. ஆனால், தீராத சிக்கல் எதிர்த்தரப்பின் கையில் ஆயுதமாயிற்று. அதன் விலையைச் செலுத்தியவர்களோ, பிறப்புச் சான்றும் பள்ளிச் சான்றும் இல்லாத பெண்களே. மணமாகி வேற்றூர் சென்ற அவர்கள், தந்தையுடனான உறவை நிறுவக் கிராமப் பஞ்சாயத்துச் சான்றிதழையே நம்பியிருந்தனர். அச்சான்று செல்லாது என 2017 பிப்ரவரியில் குவாஹாட்டி உயர் நீதிமன்றம் கூறியது. தக்க சரிபார்ப்புடன் செல்லும் என அவ்வாண்டு டிசம்பரில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அந்தப் பத்து மாதங்களும் இலட்சக்கணக்கான குடும்பங்கள் துயருற்றன. தேர்தல் மேடைகளில் அளிக்கப்பட்ட வாக்குறுதிகளில் ஒன்றேனும் அக்காலத்தில் அவர்களுக்குச் சான்றாக நிற்கவில்லை. கட்சிகளை ஆதரிக்கும் சமுதாயம், வாக்குக்கு ஈடாக முதலில் கேட்க வேண்டியது அத்தகைய சான்றையே எனத் துணிந்து கூறலாம்.