தேநீர்க்கடைக்காரர்கள் கட்டிய கணினி

உலகிலேயே முதன்முதலாக, அன்றாட அலுவலக வேலைக்கென்று கணினியைப் பயன்படுத்திய நிறுவனம் எது? ஐ.பி.எம். ஆக இருக்குமோ? ஏதாவது ஒரு பெரிய அமெரிக்க வங்கியோ? இரண்டும் இல்லை. லண்டனில் டீயும் பன்னும் கேக்கும் விற்றுக்கொண்டிருந்த ஒரு கம்பெனி!

அதன் பெயர் ஜே. லயன்ஸ் அண்ட் கோ. அவர்கள் கட்டிய கணினியின் பெயர் லியோ. 'லயன்ஸ் எலெக்ட்ரானிக் ஆபீஸ்' என்பதன் முதலெழுத்துகளைச் சேர்த்தால் வரும் பெயர் அது. 1951 நவம்பரில் அந்தக் கணினி லயன்ஸ் ரொட்டித் தொழிற்சாலையின் வாராந்திரக் கணக்கைப் போட ஆரம்பித்தது. அமெரிக்காவில் ஜெனரல் எலெக்ட்ரிக் நிறுவனம் யூனிவாக் கணினியை வாங்கிச் சம்பளப் பட்டியல் போடத் தொடங்கியதே 1954இல்தான்.

இன்று அலுவலகம் என்றாலே எக்செல், டேலி, மின்னஞ்சல் என்று ஆகிவிட்டது. கருவியை வாங்கிப் போட்டால் வேலை தானாக வேகமாகிவிடும் என்ற நம்பிக்கையும் கூடவே வந்துவிட்டது. அந்த நம்பிக்கை எந்த அளவுக்குச் சரி? முதன்முதலில் அதைச் செய்துபார்த்தவர்களின் கதையே இதற்கு நல்ல பதில் சொல்கிறது.

சில்லறை லாபம், மலை போல் கணக்கு

லயன்ஸ் கம்பெனி தன் முதல் தேநீர்க்கடையை 1894இல் லண்டன் பிக்கடில்லியில் திறந்தது. குறைந்த விலை, சுத்தமான இடம், எங்கே போனாலும் ஒரே தரம் என்ற மூன்றும் மக்களுக்குப் பிடித்துப் போயின. உச்சத்தில் இருந்தபோது சுமார் 250 தேநீர்க்கடைகள் இருந்தன. இவை போக, பல மாடிகள் கொண்ட 'கார்னர் ஹவுஸ்' உணவகங்கள், சொந்த ரொட்டித் தொழிற்சாலை, ஐஸ்கிரீம், பாக்கெட் டீ என்று தொழில் விரிந்துகொண்டே போனது. தலைமையகமும் பெரிய தொழிற்சாலையும் லண்டனின் ஹேமர்ஸ்மித் பகுதியில் காட்பி ஹால் என்ற இடத்தில் இருந்தன.

இந்தத் தொழிலில் ஒரு சிக்கல் உண்டு. ஒரு கோப்பை டீயில் கிடைக்கும் லாபம் மிகவும் சொற்பம். ஆனால் அந்த ஒரு கோப்பைக்கும் பில் போட வேண்டும், பணத்தைச் சரிபார்க்க வேண்டும், எவ்வளவு பால், எவ்வளவு சர்க்கரை செலவானது என்று பார்க்க வேண்டும். இப்படி லட்சக்கணக்கான சின்னச் சின்ன விற்பனைகள். கணக்கு எழுதும் செலவு கொஞ்சம் கூடினாலும் கிடைத்த லாபம் அதிலேயே கரைந்துவிடும். சுண்டைக்காய் கால் பணம், சுமைகூலி முக்கால் பணம் என்ற கதைதான். ஆகவே லயன்ஸுக்கு அலுவலகச் செலவைக் குறைப்பது உயிர்ப்பிரச்சினை.

இயந்திரத்துக்கு முன் வந்த மனிதர்

1923இல் ஜான் சிம்மன்ஸ் என்ற இளைஞர் லயன்ஸில் சேர்ந்தார். கேம்பிரிட்ஜில் கணிதம் படித்தவர். அவருக்குக் கொடுத்த பொறுப்பு, அலுவலக வேலை முறையைச் சீர்படுத்துவது.

அவருடைய முயற்சியால் 1930களின் தொடக்கத்தில் கம்பெனிக்குள் ஒரு தனிப் பிரிவே உருவானது. 'சிஸ்டம்ஸ் ரிசர்ச் ஆபீஸ்', அதாவது வேலை முறைகளை ஆராயும் அலுவலகம். இந்தத் தாள் எங்கே பிறக்கிறது? யார் கைக்குப் போகிறது? அவர் இதைப் படித்து என்ன முடிவு எடுக்கிறார்? ஒரு முடிவும் எடுக்கவில்லை என்றால் இதை எழுதுவது எதற்கு? இப்படிக் கேட்டுக்கொண்டே போவதுதான் அந்தப் பிரிவின் தொழில்.

கவனிக்க வேண்டிய விஷயம் இது. கணினி என்ற ஒன்று உலகில் இல்லாத காலத்திலேயே, தங்கள் அலுவலகத்தில் எந்த வேலை ஏன் நடக்கிறது என்று சொல்லக்கூடிய ஆட்கள் லயன்ஸில் இருந்தார்கள்.

1947இல் ஒரு பயணம்

இரண்டாம் உலகப்போர் முடிந்தது. போர்க்காலத்தில் அமெரிக்கர்கள் அலுவலக முறைகளில் என்ன புதுமை செய்திருக்கிறார்கள் என்று பார்த்துவர ரேமண்ட் தாம்ஸன், ஆலிவர் ஸ்டாண்டிங்ஃபோர்டு என்ற இரண்டு மேலாளர்களை 1947இல் லயன்ஸ் அனுப்பியது. அமெரிக்க அலுவலகங்களில் அவர்களுக்குப் பெரிதாகக் கற்றுக்கொள்ள எதுவும் கிடைக்கவில்லை. ஆனால் பிரின்ஸ்டனில் ஹெர்மன் கோல்ட்ஸ்டைனைச் சந்தித்தார்கள். பீரங்கிக் குண்டுகளின் பாதையைக் கணக்கிடக் கட்டப்பட்ட எனியாக் கணினித் திட்டத்தில் முக்கியப் பங்கு வகித்தவர் அவர். அவரிடம் பேசியதும் இருவருக்கும் பொறி தட்டியது. குண்டுக்குக் கணக்குப் போடும் இயந்திரம் பன்னுக்குப் போடாதா?

இதில் வேடிக்கை என்னவென்றால், அவர்கள் தேடிப்போனது சொந்த ஊரின் பக்கத்திலேயே இருந்தது. கேம்பிரிட்ஜில் மாரிஸ் வில்க்ஸ் என்பவர் எட்சாக் என்ற கணினியைக் கட்டிக்கொண்டிருக்கிறார் என்று கோல்ட்ஸ்டைன்தான் சொல்லி அனுப்பினார். கையில் வெண்ணெயை வைத்துக்கொண்டு நெய்க்கு அலைந்த கதை!

லயன்ஸ் நிர்வாகம் வில்க்ஸுக்கு 3,000 பவுண்டும், உதவிக்கு ஒரு தொழில்நுட்ப ஊழியரையும் கொடுத்தது. பதிலுக்கு, அந்தக் கணினியின் வடிவமைப்பைப் பார்த்துத் தாங்களும் ஒன்று கட்டிக்கொள்ளலாம். 1949 மே 6 அன்று எட்சாக் முதல் கணக்கைச் சரியாகப் போட்டது. உடனே காட்பி ஹாலில் லியோவின் வேலை சூடுபிடித்தது. பொறியாளர் ஜான் பிங்கர்டன் தலைமையில் ஒரு சிறு குழு இறங்கியது.

அறிவியல் வேறு, வியாபாரம் வேறு

லியோவில் சுமார் 6,000 வால்வுகள் இருந்தன. நினைவகம் என்பது பாதரசம் நிரப்பிய குழாய்கள்.

எட்சாக்கை அப்படியே நகல் எடுத்தால் போதாது என்பது சீக்கிரமே புரிந்தது. விஞ்ஞானிக்குக் கொடுக்க வேண்டிய விவரம் கொஞ்சம், கணக்கு நீளம். வியாபாரத்தில் இது தலைகீழ். கணக்கு சின்னதுதான், வெறும் கூட்டலும் பெருக்கலும். ஆனால் உள்ளே போக வேண்டிய விவரமும் வெளியே அச்சாக வேண்டிய தாளும் மலை போல் குவியும். கணினி ஒரு நொடியில் முடித்துவிட்டு அடுத்த துளை அட்டைக்காகக் காத்துக்கிடந்தால் என்ன பயன்? எனவே ஒரே நேரத்தில் பல வழிகளில் விவரம் உள்ளே போகவும் வெளியே வரவும் தனி ஏற்பாடுகள் செய்தார்கள். இதற்காக முதலில் வெளியாரிடம் கொடுத்துச் செய்த காந்த நாடாக் கருவி சரிவரவில்லை. அதைக் கைவிட்டு, பழகிய துளை அட்டைக்கும் காகித நாடாவுக்கும் திரும்பினார்கள். லியோ முழுமையடைய 1953 டிசம்பர் ஆகிவிட்டது.

இன்னொரு பயமும் இருந்தது. வால்வு எப்போது போகும் என்று யாருக்கும் தெரியாது. விஞ்ஞானி நாளைக்குப் பார்த்துக்கொள்ளலாம் என்று விடலாம். வெள்ளிக்கிழமை சம்பளத்தை அப்படி விட முடியுமா? அதனால் ஒவ்வொரு நாளும் வேலை தொடங்கும் முன் மின்னழுத்தத்தை வேண்டுமென்றே ஏற்றி இறக்கி, பலவீனமான பாகங்களைக் கண்டுபிடித்து மாற்றினார்கள். விவரங்களை இரண்டு பேர் தனித்தனியாகத் துளையிட்டு ஒப்பிட்டார்கள். ஒருவர் எழுதிய நிரலை இன்னொருவர் சரிபார்த்தார். இந்தக் கண்டிப்புக்குக் காரணம் டேவிட் கேமினர். 1936இல் லயன்ஸில் பயிற்சியாளராகச் சேர்ந்து, கணக்குப் பிரிவுகளை உள்ளும் புறமும் அறிந்தவர். கணினியில் ஏற்றும் முன் வேலையைப் பகுத்து ஆராயும் கலையை உருவாக்கியவர்களில் முதன்மையானவர் என்று அவரைச் சொல்லலாம்.

நிரல் எழுதும் ஆட்களையும் பெரும்பாலும் கம்பெனிக்குள்ளேயே சோதனை வைத்துத் தேர்ந்தெடுத்தார்கள். அப்படி 1952இல் வந்தவர் மேரி கூம்ப்ஸ். வணிகக் கணினிக்கு நிரல் எழுதிய முதல் பெண் அவர்தான்.

1954இன் தொடக்கத்தில் சம்பளப் பட்டியல் முழுக்க லியோவின் பொறுப்புக்கு வந்தது. அனுபவமுள்ள குமாஸ்தாவுக்கு ஓர் ஊழியரின் சம்பளத்தைக் கணக்கிட 8 நிமிடம் ஆகும். லியோவுக்கு ஒன்றரை விநாடி! விரைவில் ஃபோர்டு கார் கம்பெனியின் டேகன்ஹாம் தொழிற்சாலையும் தன் சம்பளக் கணக்கை லயன்ஸிடமே கொடுத்தது. கார் கம்பெனிக்கு டீக்கடை சம்பளப் பட்டியல் போட்டுக்கொடுத்தது!

உண்மையான மாற்றம் எங்கே?

ஒன்றரை விநாடி என்பது கேட்க நன்றாக இருக்கும். ஆனால் லியோ கதையின் சிறந்த பாடம் வேறோர் இடத்தில் இருக்கிறது. அது 1954இல் வந்த தேநீர்க்கடை ஆர்டர் முறை.

அதுவரை ஒவ்வொரு கடையின் மேலாளரும் (பெரும்பாலும் பெண்கள்) மறுநாளுக்கு எத்தனை பன், எத்தனை கேக், எவ்வளவு ஐஸ்கிரீம் வேண்டும் என்று தினமும் படிவங்களை நிரப்பி அனுப்ப வேண்டும். அந்தப் படிவங்களை அப்படியே கணினிக்குள் ஏற்றியிருந்தால், வேகமாக இயங்கும் பழைய முறைதான் கிடைத்திருக்கும்.

லயன்ஸ் குழு முதலில் ஒரு விஷயத்தைக் கவனித்தது. ஒரு செவ்வாய்க்கிழமை ஆர்டருக்கும் அடுத்த செவ்வாய்க்கிழமை ஆர்டருக்கும் பெரிய வித்தியாசம் இருக்காது. அப்படியானால் முழுப் பட்டியலையும் தினமும் எழுதுவது எதற்கு? ஒவ்வொரு கடைக்கும் ஒவ்வொரு கிழமைக்கும் ஒரு நிலையான ஆர்டர் வைத்துக்கொண்டு, மாற்றத்தை மட்டும் சொன்னால் போதாதா?

அப்படித்தான் செய்தார்கள். குறிப்பிட்ட நேரத்தில் காட்பி ஹாலிலிருந்து கடைக்குத் தொலைபேசி அழைப்பு போகும். மேலாளர் மாற்றத்தை மட்டும் சொல்வார். மறுமுனையில் இருப்பவர் காதில் கருவியை மாட்டிக்கொண்டு, கேட்கக் கேட்க நேராகத் துளை அட்டையில் பதிவு செய்வார். நடுவில் காகிதமே கிடையாது. லியோ எல்லாக் கடைகளின் ஆர்டரையும் கூட்டி, தொழிற்சாலை என்ன செய்ய வேண்டும், எந்தக் கடைக்கு என்ன கட்ட வேண்டும் என்ற பட்டியல்களை அச்சடிக்கும். கடைகளின் கணக்குக்கு வேண்டிய விவரமும் அதிலிருந்தே கிடைத்துவிடும்.

இந்த யோசனையில் பாதிக்கு மின்னணுவே தேவையில்லை. 'மாறியதை மட்டும் சொல்' என்பது மூளையில் பிறந்த மாற்றம். கணினி அதற்குக் கை கொடுத்தது.

முப்பது ஆண்டு கழித்து எழுந்த கேள்வி

1987இல், பொருளாதாரத்துக்கான நோபல் பரிசை அதே ஆண்டில் பெற்ற ராபர்ட் சோலோ ஒரு புத்தக மதிப்புரையில் பொருளாதார உலகையே யோசிக்க வைத்தார். கணினிகள் எங்கு பார்த்தாலும் தெரிகின்றன, உற்பத்தித்திறன் புள்ளிவிவரத்தில் மட்டும் தெரியவில்லையே என்பது அவர் கருத்தின் சாரம். 1990இல் பொருளாதார வரலாற்றாளர் பால் டேவிட் இதற்கு ஒரு விளக்கம் தந்தார். தொழிற்சாலைகளுக்கு மின்சாரம் வந்தபோதும் இப்படித்தான் இருந்தது. நீராவி எஞ்சினை எடுத்துவிட்டு அதே இடத்தில் மோட்டாரை வைத்தவர்களுக்குப் பெரிய லாபம் இல்லை. ஒவ்வோர் இயந்திரத்துக்கும் தனி மோட்டார் வைத்து, தொழிற்சாலையின் அமைப்பையே மாற்றிய பிறகுதான் பலன் வந்தது. அதற்குப் பல பத்தாண்டுகள் பிடித்தன.

இந்த விளக்கத்தை வைத்துப் பார்த்தால் லயன்ஸ் செய்ததன் அருமை தெரியும். மற்றவர்கள் இயந்திரத்தை வாங்கிய பிறகு செய்ய வேண்டியிருந்த வேலையை அவர்கள் இருபது ஆண்டுகளாகச் செய்துகொண்டிருந்தார்கள்.

முடிவு மட்டும் ஏன் இப்படி?

1954இல் லியோ கம்ப்யூட்டர்ஸ் என்ற தனி நிறுவனம் தொடங்கி லயன்ஸ் கணினிகளை விற்கவும் ஆரம்பித்தது. லியோ 2, லியோ 3 வந்தன. ஆனால் கணினித் தொழிலுக்குத் தேவைப்பட்ட முதலீடு ஒரு உணவு நிறுவனத்தின் சக்தியை மீறியது. 1963இல் லியோ நிறுவனம் இங்கிலீஷ் எலெக்ட்ரிக்குடன் இணைந்தது. அடுத்த ஆண்டே லயன்ஸ் தன் பங்கை விற்று வெளியேறியது. முதல் லியோ 1965 ஜனவரியில் நிறுத்தப்பட்டது. பிரிட்டிஷ் தபால் துறையிடம் இருந்த லியோ 3 கணினிகள் மட்டும் 1981 வரை உழைத்தன.

லயன்ஸ்? மக்களின் ரசனை மாறியது, போட்டிக் கடைகள் வந்தன, தேநீர்க்கடைகள் ஒவ்வொன்றாக மூடின. 1978இல் கம்பெனியே அலைட் புரூவரீஸ் என்ற நிறுவனத்தின் கைக்குப் போனது.

இங்கேதான் உற்பத்தித்திறனின் எல்லை தெரிகிறது. செவ்வாய்க்கிழமை எத்தனை பன் தேவை என்று லியோ துல்லியமாகச் சொன்னது. பத்தாண்டு கழித்து மக்கள் பன் சாப்பிட அந்தக் கடைக்கு வருவார்களா என்று அதனால் சொல்ல முடியவில்லை. அதைக் கேட்கும்படி யாரும் அதற்கு நிரல் எழுதவும் இல்லை. செய்யும் வேலையைக் குறைந்த செலவில் செய்ய வைப்பது கருவியின் திறமை. எந்த வேலையைச் செய்வது என்பது எப்போதும் மனிதரின் முடிவு.

எழுபது ஆண்டுகளுக்கும் மேலாகிவிட்டது. லியோவின் 6,000 வால்வுகள் செய்ததைவிடப் பல மடங்கு வேலையை ஒரு சாதாரண கைப்பேசி செய்கிறது. ஆனாலும் ஒரே விவரத்தை மூன்று இடத்தில் பதிவு செய்யும் அலுவலகங்கள் இன்றும் உண்டு. கணினியில் ஏற்றிவிட்டு, அதையே அச்செடுத்துக் கோப்பில் கட்டி வைக்கும் அலுவலகங்களும் உண்டு. அங்கே புது மென்பொருள் வாங்குவதற்கு முன், சிம்மன்ஸின் பிரிவு கேட்ட அந்தப் பழைய கேள்வியை ஒருமுறை கேட்டுப் பார்க்கலாம். இந்தத் தாளை யார் படிக்கிறார்கள்? அதற்கு ஒரு பைசாவும் செலவில்லை!